மாலேயா, வெளித்தீவா?

மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தவர்கள் எல்லோரும் என்னைக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "சார், மாலேயிலேயே இருந்துவிடட்டுமா, வெளித்தீவுக்குப் போகட்டுமா?" பாதிப் பேர் மாலே என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். தலைநகர், கடைகண்ணி உண்டு, திருவனந்தபுரத்துக்கு ஒன்றேகால் மணி நேர விமானம். நியாயம்தான். ஆனாலும் என் கட்சி வெளித்தீவுதான். அங்கே ஆறு வருடம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் பணக்கணக்கு. கடன் அடைக்கவும் தங்கை கல்யாணத்துக்கும்தானே நம்மில் பலர் கடல் தாண்டினோம். மாலே ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல். தீவு என்று நினைத்துப் போனால் மாடிக்கட்டடமும் மோட்டார் சைக்கிளும்தான் கண்ணில் படும். இடம் இல்லாத ஊரில் வாடகை எப்படி இருக்கும்? என் காலத்தில் மூன்று ஆசிரியர்கள் ஓர் அறையைப் பங்கு போட்டும் கையைக் கடித்தது. குடிநீர்கூட கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் வரவேண்டும். 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்து நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது நினைவிருக்கும். நான் இருந்த தீவில் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடித்தோம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பணத்தை விடுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாலேயில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் டிவியில் கேட்கும், கடையில் கேட்கும், வெள்ளைக்காரப் பயணி வாயிலும் கேட்கும். வெளித்தீவில் அன்றைக்கு வாத்தியார் வாயில் மட்டும்தான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில், பத்தாம் வகுப்பு முடிவில் கேம்பிரிட்ஜ் பரீட்சை. வீட்டிலோ திவேஹி மட்டும். அந்த மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். சின்னப் பிள்ளைகள் சிலர் ஆங்கில நோட்டையும் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

நான் ஒரு மீனவர் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். சாயங்காலம் வாசலில் கயிறு பின்னிய ஜோலி நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது: நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான். 'ஒரு' என்பதைச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். அப்படியானால் ஆங்கிலத்தில் 'ஏ' போட மறக்கிற பையன் சோம்பேறி இல்லை. அவன் அதைச் சொல்லின் வால்பக்கம் தேடுகிறான்! இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லவில்லை. மாலேயில் நாலு தமிழ் வாத்தியார்களோடு ரசம் வைத்துக்கொண்டு அரசியல் பேசியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. (ரசத்தைக் குறை சொல்லவில்லை. தீவில் பல நாள் கருதியா என்ற சூரை மீன் சாறுதான் எனக்கு ரசம். சைவர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம், காய்கறி படகில் வந்தால்தான் உண்டு.)

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். 1999-இல் அப்பா இறந்த செய்தி பள்ளிக்கூட டெலிபோனில் வந்தது. விடியும்வரை படகு இல்லை. ஹனிமாதூவுக்கு இரண்டு மணி நேரப் படகு, அங்கிருந்து மாலேக்குச் சின்ன விமானம், மறுநாள்தான் திருவனந்தபுரம், பிறகு நாகர்கோவிலுக்கு பஸ். மூத்தவன் நான் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. மாலேயில் இருந்த நண்பருக்கு இதே துக்கம் வந்தபோது அவர் அன்று இரவே வீட்டில் இருந்தார். அதன் பிறகும் மூன்று வருடம் அதே தீவில்தான் வேலை பார்த்தேன். அம்மா இரு என்றாள், இருந்தேன்.

இப்போது என் தங்கை மகள் அங்கே போகப்போகிறாள். தீவுக்குப் போ என்று நான் சொன்னதற்குத் தங்கை ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னாள்: "அண்ணா, உனக்குத் தம்பி இருந்தான். இவள் எனக்கு ஒரே பிள்ளை." அதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் திருத்துகிறேன்: வெளித்தீவுதான், ஆனால் விமான நிலையம் உள்ள தீவு, அல்லது சாலையில் போய் விமானம் பிடிக்கக்கூடிய தீவு. வடக்கே என்றால் ஹனிமாதூ. தெற்குக் கோடியில் அத்து. பிரிட்டிஷ் விமானப்படை 1976 வரை வைத்திருந்த கான் தளம்தான் இன்று அங்கே விமான நிலையம், பக்கத்துத் தீவுகள் சிலவற்றைச் சாலையே இணைத்துவிட்டது. கைக்குழந்தையோடு போகிற தம்பதிகளை மட்டும் நான் தடுக்க மாட்டேன். அவர்கள் மாலேக்கோ, 2018-இல் வந்த பாலத்தால் அதோடு சேர்ந்துவிட்ட ஹுல்ஹுமாலேக்கோ போகட்டும். ராத்திரி காய்ச்சலுக்குப் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும்.

தீவைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: ஆசிரியர் குவார்ட்டர்ஸா, குடும்பம் இருக்கிற வீடா? குடும்ப வீட்டையே கேளுங்கள். தனியாகப் போகும் பெண்கள் முக்கியமாக. வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டுப் பாட்டிக்கு ஓர் ஆங்கில வார்த்தை தெரியாது, எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்தது அவர்தான். பூஜை விக்கிரகம் எதுவும் பெட்டியில் வேண்டாம், அந்நாட்டுச் சுங்கச் சட்டம் அனுமதிக்காது. மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பேசுமுன் தொட்டியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள், மாலே படகு எந்தெந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.