வேண்டாத அழைப்புகள்: எது தொல்லை, எது மோசடி?

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு என்று எந்தத் தீவில் கேட்டாலும் ஒரே முறைப்பாடுதான்: போன் மணி அடித்தால் எடுக்கவே எரிச்சலாக இருக்கிறது. கடன் தருகிறோம் என்கிறார்கள், பரிசு விழுந்திருக்கிறது என்கிறார்கள், ஒருமுறை அடித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். தெரியாத இலக்கத்தை எடுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்வது சுகம். மகன் கனடாவில், தம்பி சுவிசில், பெறாமகள் பாரிசில் என்றிருக்கும் வீட்டில் அது எடுபடாது. தெரியாத வெளிநாட்டு இலக்கம் சொந்தக்காரரின் புது இலக்கமாகவும் இருக்கலாம். அதனால் வருவது எது என்று பிரித்தறியப் பழகுவதே நமக்குள்ள வழி. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, வெறும் விளம்பரம். கடைகளும் நிதி நிறுவனங்களும் தொலைபேசிக் கம்பனிகளும் அனுப்பும் குறுஞ்செய்திகள் இவை. பெரும்பாலும் இலக்கத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயரோடு வரும். பெயர் இருப்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது; பெயரையும் போலியாக இட முடியும். விளம்பரம் வேண்டாம் என்றால் உங்கள் சிம் எந்தக் கம்பனியினுடையதோ அங்கேயே அழைத்துச் சொல்லலாம்: டயலொக் 1777, மொபிடெல் 1717, ஹட்ச் 1788. சொல்லியும் நிற்கவில்லையென்றால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்தில் முறையிடலாம்.

இரண்டாவது, தெரியாமலே சேர்ந்துவிட்ட கட்டணச் சேவை. இராசிபலன், கிரிக்கெட் செய்தி, பாட்டு என்று ஏதோ ஒன்றுக்குத் தவறுதலாக ஒரு பொத்தானை அமத்தியிருப்போம். அன்றிலிருந்து நாளாந்தம் சில ரூபாய்கள் கழியும். ரீலோட் போட்ட காசு பேசாமலே கரைகிறது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். என் இலக்கத்தில் என்னென்ன கட்டணச் சேவைகள் உள்ளன என்று கம்பனியிடம் கேட்டு, வேண்டாதவற்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒருமுறை அடித்து நிற்கும் வெளிநாட்டு மிஸ்ட் கோல். நீங்கள் திருப்பி எடுப்பதற்காகவே அது வருகிறது. எடுத்தால் உயர்ந்த கட்டணத்தில் சர்வதேச அழைப்பு ஓடும்; அதில் ஒரு பங்கு அந்த இலக்கத்தை வைத்திருப்பவருக்குப் போகும். இங்கே நம்மவர்கள் இலகுவில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கனடாவின் இலக்கம் 1இல் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜமெய்க்கா போன்ற கரீபியன் நாடுகளின் இலக்கங்களும் அதே 1இல்தான் தொடங்குகின்றன. அடுத்த மூன்று இலக்கங்களைப் பாருங்கள்: 416, 647 என்றால் ரொறன்ரோ, 876 என்றால் ஜமெய்க்கா. குழப்பமாக இருந்தால் திருப்பி எடுக்கவே வேண்டாம். சொந்தக்காரர் என்றால் மறுபடியும் எடுப்பார், அல்லது வட்ஸ்அப்பில் வருவார்.

நான்காவதுதான் ஆபத்து: மோசடி. ‘உங்கள் இலக்கத்துக்குப் பரிசு விழுந்திருக்கிறது, அதைப் பெற முதலில் ஒரு தொகை போடுங்கள்’ என்பது பழைய வழி. தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தி புது வழி. பொதி வந்திருக்கிறது, முகவரி பிழை, இந்த இணைப்பில் போய்ச் சிறு தொகை கட்டுங்கள் என்று அது சொல்லும். கேட்கும் தொகை சிறிதுதான். அவர்களுக்கு வேண்டியது உங்கள் வங்கி அட்டையின் இலக்கம். வெளிநாட்டுப் பொதியை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் இது உடனே எடுபடும். தபால் திணைக்களத்தின் இணையத்தள முகவரி ஜிஓவி டொட் எல்கே என்றே முடியும். சந்தேகமென்றால் ஊர்த் தபாற்கந்தோரில் கேளுங்கள், அல்லது 1950க்கு எடுங்கள்.

மற்றது வட்ஸ்அப் மோசடி. தெரிந்தவரின் கணக்கிலிருந்தே செய்தி வரும்: ‘தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்திருக்கும், அனுப்பிவிடுங்கள்.’ அனுப்பினால் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் வெளிநாட்டிலுள்ள உறவுகளிடம் அவசரக் காசு கேட்பார்கள். வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். உறவினர் எழுத்தில் காசு கேட்டால், குரலைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்பது சரி. மோசடிக்காரனுக்கு ‘வேண்டாம்’ என்று பதில் எழுதுவதோ ஏசுவதோ பிழை; இந்த இலக்கத்தில் ஆள் இருக்கிறார் என்பதை அது அவனுக்கு உறுதிப்படுத்தும். பதில் போடாமல் தடுத்துவிடுங்கள். இணைப்பைத் தொட்டு விவரம் கொடுத்துவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்கு எடுத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியால அளவு கடல், பிறகு பஸ். கடல் மோசமானால் அதுவும் இல்லை. அதற்குள் கணக்கு வெறுமையாகிவிடும். ஆகையால் அட்டையின் பின்புறத்திலுள்ள வங்கி இலக்கத்தை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இணைய மோசடிகளை இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

இத்தனை பாரத்தையும் ஒரு வயோதிபத் தாயின் தலையில் சுமத்துவது நியாயமில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவரின் சம்மதம் இல்லாமல் தபாலாலோ தொலைபேசியாலோ மின்னஞ்சலாலோ விளம்பரம் அனுப்பக் கூடாது, நிறுத்தும் வழியை இலவசமாகக் காட்ட வேண்டும். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. இந்தியாவில் 1909 என்ற ஒரே இலக்கத்தில் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதியலாம். கனடாவில் 2008 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது. ஒருமுறை சொன்னால் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் அப்படியொரு ஏற்பாடு நமக்கும் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவையும் உண்டு. நிறுத்தும் வழியைக் கம்பனிகள் தமிழில் அறிவிக்கட்டும். பிரதேச செயலகங்கள் மேலே சொன்ன இலக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு இறங்குதுறையிலும் தபாற்கந்தோரிலும் ஒட்டட்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அம்மம்மாவின் போனில் உறவுகளின் இலக்கங்களைப் பெயரோடு பதிந்து கொடுக்கட்டும். பெயரோடு வரும் அழைப்பை அவர் தயங்காமல் எடுப்பார். பெயரில்லாமல் வருவதை நிதானித்துப் பார்ப்பார்.