கீரையும் காப்பியும்

என் 7 வயசுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9. இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்த டாக்டர், "முருங்கைக்கீரை நிறைய கொடுங்க சார்" என்றார். கொடுக்கலாம். சாப்பிடணுமே! பொரியல் தட்டோரம் ஒதுங்கியது. அடையில் ஒளித்தோம், சி.பி.ஐ. மாதிரி இலை இலையாகப் பொறுக்கி வைத்தாள்.

கடைசியில் மனைவி விழுதாக அரைத்து மாவில் கலந்து 'பச்சை தோசை' என்று போட, ரெண்டு உள்ளே போனது. கையோடு என் டம்ளரிலிருந்து நாலு வாய் காப்பி. எல்லாம் நான் கொடுத்த செல்லம்தான்.

"காப்பி இரும்புச்சத்தைச் சேரவிடாதே சார்! எலுமிச்சை ஜூஸ் கொடுங்க, நல்லா சேரும்" என்று டாக்டர் முறைத்தார். பி.காம். படித்து என்ன பிரயோஜனம்? வரவு வைத்த கையோடு செலவெழுதியிருக்கிறேன்.

ஜூஸுக்கு மகள் சம்மதித்தாள். "ஆனா அப்பாவும் காப்பி குடிக்கக் கூடாது!"

மூணு வாரமாக மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று குடிக்கிறேன். நேற்று மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது.