'ஃபௌதா' ரசிகர்களும் காஸாவின் வீடுகளும்

பெயரிலேயே தொலைக்காட்சியைக் கொண்ட பயிற்சி நிறுவனம் இயங்கும் புனேயில், 'ஃபௌதா' பற்றிய விவாதம் இன்னும் கூர்மையாக நடக்க வேண்டும்.

2015இல் தொடங்கிய இந்த இஸ்ரேலியத் தொடரில் அரபு உரையாடல் உண்டு, எதிர்த்தரப்பின் துயரமும் உண்டு. ஆகவே அது நடுநிலையானது என்பர் ரசிகர். துயரம் இருப்பது மெய்யே. ஆயினும் கேமரா பெரும்பாலும் அரபு வேடமிட்ட படைப்பிரிவோடு வீட்டுக்குள் நுழைந்து, அதனோடே வெளியேறிவிடுகிறது. கதவு உடைக்கப்பட்டவர்கள் அன்றிரவை எப்படிக் கழித்தார்கள் என்பது கதைக்குத் தேவைப்படுவதில்லை. 2022இல் இதே கதை 'தனாவ்' என்ற பெயரில் காஷ்மீருக்குப் பெயர்ந்தது. அத்தனை எளிதாக அது பொருந்தியதே ஆய்வுக்குரியது.

2024 ஜனவரியில் இத்தொடரின் நடிகர் இதான் அமேதி காஸாவில் போரிடுகையில் படுகாயமுற்றார். ரசிகர் கலங்கியது இயல்பு. அறிந்த முகம் அது. 2025 ஜூலை இறுதியில், காஸாவில் கொல்லப்பட்டோர் 60,000ஐக் கடந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கூறியது. அவர்களுள் எத்தனை முகங்களை இந்தியப் பார்வையாளர் அறிவார்?

அதே மாதம், காஸாவுக்காக மும்பை ஆசாத் மைதானத்தில் கூட அனுமதி கோரிய மார்க்சிஸ்ட் கட்சியிடம், சொந்த நாட்டைப் பாருங்கள் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். காஸா தொலைவு என்றால், தொடர் எடுக்கப்பட்ட இஸ்ரேலும் அதே தொலைவுதானே? அங்கிருந்து வரும் கதைக்கு விடுதி அறைகளில் எவரும் அனுமதி கேட்பதில்லை.