நிரலைப் பழிக்குமுன்

இணையச் செயலி இயங்காதவிடத்து மாணவர் பலர் தாம் எழுதிய நிரலையே அழித்து மீள எழுதுவதை நாம் காண்கின்றோம். நிரல் செவ்விதாயினும், அதனை இயக்கும் ஒழுங்கு பிழைத்தால் பயன் விளையாது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2015 இல் அறிமுகஞ்செய்த விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னுங் கருவியில், இவ்வொழுங்கு 'லோஞ்ச்.ஜேசன்' என்னுங் கோப்பில் எழுதப்படும்.

அங்கு 'லோஞ்ச்' எனக் குறித்தால் செயலி புதிதாகத் தொடங்கும். 'அற்றாச்' எனின், இயங்கிக்கொண்டிருக்குஞ் செயலியோடு கருவி இணையும். சேவையகம் 3000 ஆம் துறையிற் காத்திருக்க, கோப்பில் 8080 எனப் பொறித்தால் உலாவி வாயிலிலேயே நின்றுவிடும். எஃப்5 விசையை அழுத்தினால் நாம் இட்ட தடைப்புள்ளியில் நிரல் நிற்கும். கொன்ரோல் விசையையுஞ் சேர்த்தழுத்தினால் நில்லாதோடும்.

ஒன்று மறவற்க: கடவுச்சொல்லை இக்கோப்பில் எழுதலாகாது. கோப்புப் பிறர் கைக்குச் செல்லுங்கால் இரகசியமும் உடன் செல்லுமன்றோ?