பழம்பொருள்களும் நம் சங்கமும்

நெசவாளர் இல்லத்தில் அறுந்த நூல் விளக்குத் திரியாகும். கிழிந்த சேலை குழந்தைக்குத் தொட்டிலாகும். உழவர் இல்லத்திலோ சாணமும் சருகும் வயலுக்கே எருவாகத் திரும்பும். இன்று நம் பரண்களிலும் கொல்லைகளிலும் சேர்ந்துவரும் பொருள்கள் அத்தன்மையன அல்ல. பழுதுற்ற தொலைக்காட்சிப் பெட்டியும், கைப்பேசியும், மிக்சியும், இன்வெர்ட்டர் பாட்டரியும் மண்ணில் மட்குவதில்லை, எரித்தாலோ நஞ்சாகின்றன.

2006-ம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டில் அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவை. அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. செம்பும் இரும்பும் எடுக்கப்பட்டபின் அக்கண்ணாடி உடைந்து வாய்க்கால் ஓரத்தில் கிடப்பதைக் காண்கிறோம். கம்பியிலுள்ள செம்பைப் பெற மேலுறையைக் கொளுத்துகின்றனர். மின்னணுப் பலகையிலுள்ள பொன்னைப் பிரிக்க அமிலத்தில் ஊறவைக்கின்றனர். அவ்வமிலம் இறுதியில் நம் கிணற்றையே சேரும். நீர் கெட்டால் நேரும் துன்பம் நமக்குப் புதிதன்று. நொய்யல் ஆறு சாயக் கழிவால் சீர்கெட்டு, 2011-ம் ஆண்டில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்ததை உழவரும் நெசவாளரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பழைய இரும்புக் கடைக்காரரைப் பழிப்பது முறையன்று. நம் தெருவுக்கு வருபவர் அவர் ஒருவரே. 2023-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் மூலம் கழிவைச் சீர்செய்யும் கடமையை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. ஆயினும் ஒரு பெட்டிக்காக எந்த ஆலையின் வண்டியும் கிராமத்துக்கு வாராது. தனி வீட்டில் பாரமாயிருப்பது நூறு வீடுகள் கூடினால் ஒரு லாரிச் சரக்காகிறது. நூலையும் உரத்தையும் ஒன்றுகூடி வாங்கி நலம் கண்ட நமக்கு இந்த உண்மையை விளக்கவும் வேண்டுமோ?

ஆகவே, இரண்டு மாதங்களுக்கு ஒருநாள் சங்கக் கிடங்கில் இப்பொருள்களைப் பெற்று, எடையிட்டு, ரசீது தந்து, விற்ற தொகையை அங்கத்தினர் கணக்கில் வரவு வைக்கலாம். பழைய இரும்புக் கடைக்காரரையே சேகரிப்பாளராக அமர்த்திக் கூலி தரலாம். பழுது நீக்கத் தக்க மிக்சியையும் விசிறியையும், காயில் கட்டினால் ஓடக்கூடிய பம்பு மோட்டாரையும் முதலில் உள்ளூர்த் தொழிலாளரிடம் கொடுப்பதே சிக்கனம். பாட்டரியின் அமிலத்தைக் கொட்டாமல், புதியது வாங்கும் கடையிலேயே முழுதாக ஒப்படைக்க வேண்டும்.

கட்டடப் பொருள்களுக்குக் கிடங்கும் தேவையில்லை. சங்க வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை போதும். காரைக்குடியில் பழைய தேக்குத் தூண்களும் கதவுகளும் தனி வாணிபமாகவே நடைபெறுகின்றன. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் செங்கல் பெரும்பாலும் உடையாமல் பிரியும். நிலை, சன்னல், ஓடு ஆகியவற்றையும் மற்றோர் அங்கத்தினர் வீட்டுக்குப் பயன்படுத்தலாம். இடிபாடு அடித்தளம் நிரப்ப உதவும். ஏரியில் கொட்டத் தக்கதன்று. கல்நார்த் தகடுகளை மட்டும் உடைக்காமல் தனியே வைத்தல் வேண்டும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

“சங்கத்துக்கு இதனால் நஷ்டம் வாராதோ?” என்று சிலர் வினவக்கூடும். வரலாம், அது நம் நடத்தையைப் பொறுத்தது. செம்பு நிறைந்த மோட்டாரை வெளியே விற்றுவிட்டு, விலைபோகாத படக்குழாயை மட்டும் சங்கத்தின் தலையில் கட்டினால் நஷ்டம் உறுதி. நல்ல சேலையைத் தனி வியாபாரிக்கும் குறையுள்ள சேலையைச் சங்கத்துக்கும் தரும் வழக்கம் சங்கங்களை எவ்வாறு நலிவிக்கும் என்பதை நாம் அறிவோம். இரண்டையும் ஒருசேரக் கொடுப்பவரே உண்மையான கூட்டுறவாளர்.

வரும் பொதுப் பேரவைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணர்ந்து, ஓராண்டுக்கேனும் சோதனையாக நடத்திப் பார்க்குமாறு அங்கத்தினர்களையும் நிர்வாகக் குழுவினரையும் கேட்டுக்கொள்கிறோம்.