குருதிப் பொருத்தம்

விழா மலர்களிலே பழைய மாணவராகிய நாம் பெரும்பாலும் கடந்த காலத்தையே எழுதுகின்றோம். ஆசிரியப் பெருந்தகைகளின் கண்டிப்பும் விளையாட்டுத் திடலின் ஆரவாரமும் எண்ணுந்தோறும் இனிப்பனவே. ஆயினும் இம்முறை, நம்மிற் பலருக்கு அடிக்கடி வந்து சேரும் ஒருவகை மடலைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். பிள்ளைக்குக் குருதி நோய், இந்தியாவிற் குருத்துக் கலச் சிகிச்சை செய்ய வேண்டும், உதவுக என்பதே அம்மடலின் சாரம். ஜிந்துப்பிட்டிக் குடும்பமாயினும் வெள்ளவத்தைக் குடும்பமாயினும், தாயின் தாலிக்கொடி செட்டியார் தெருவிலே அடகுக்குப் போன பின்னரே இத்தகைய மடல் எழுதப்படுகின்றது. கொடுப்பது நம் கடன். எதற்குக் கொடுக்கின்றோம் என அறிந்து கொடுப்பதும் நம் கடனே.

என்பு மச்சையிலுள்ள குருத்துக் கலங்களே நம் குருதி முழுவதையும் பிறப்பிப்பவை. அவற்றின் பரம்பரை அலகிற் குறை நேரின் குருதியும் குறைபடும். தலசீமியா அத்தகையது. பெற்றோர் இருவரும் அக்குறையைச் சுமப்பவராயின், நோய் வெளிப்படாது அவர்கள் நலமாய் வாழ்வர்; பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் பிறர் குருதியை ஏற்று வாழ வேண்டும். அக்குருதியுடன் வந்து சேரும் இரும்போ ஈரலையும் இருதயத்தையும் கெடுக்கும். இக்குறையைச் சுமப்போர் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பியமையாலேயே அது நம் நாட்டு மக்களிடையே நிலைத்தது என்பர் அறிஞர். 1934–35இல் குருநாகல், கேகாலைப் பகுதிகளைச் சூறையாடிய மலேரியா, 2016இல் இலங்கையினின்றும் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அக்காய்ச்சல் போயிற்று; அது விட்டுச் சென்ற கடனைக் குருநாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்கு வரும் பிள்ளைகள் இன்றும் இறுத்து வருகின்றனர்.

என்பு மச்சை மாற்றீட்டுக்கு வழிவகுத்த டொனால் தோமஸ் 1990இல் நோபெல் பரிசு பெற்றார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் அச்சிகிச்சை நடைபெறுகின்றது. ஆனால் உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்தாதவிடத்து, அன்றிப் பொருந்திய சில வேளைகளிலும், வந்த கலங்கள் புகுந்த உடலையே தாக்குவதுண்டு.

பிறர் கலத்தை நாடாது, நோயாளியின் கலத்தையே திருத்தினால் என்ன? இவ்வினாவுக்கு விடை தேடிய சோதனையொன்று வேலூரிலேயே நிகழ்ந்தது. குருதி உறையாத கொடிய ஹீமோபிலியா நோயுடைய ஐவரிடமிருந்து குருத்துக் கலங்களை எடுத்து, உறைதற்கு வேண்டிய எட்டாங் காரணியின் பரம்பரை அலகை அவற்றிற் புகுத்தி, கடும் மருந்தால் அவர்களின் மச்சையை வெறுமையாக்கி, அக்கலங்களை மீண்டும் செலுத்தினர். 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. ஐவருக்கும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில், அவர்களின் ஆண்டுக் குருதிப்பெருக்கு வீதம் சுழியம் எனப் பதிவாயிற்று.

நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் ஐவர் ஐவரே. சோதனை என்பது ஒரு வினா, விற்பனைப் பண்டமன்று. அதில் உடலை ஒப்படைப்போர் தமக்காக மட்டுமன்றிப் பின்வருவோர்க்காகவும் ஒப்படைக்கின்றனர். ஆதலின் சோதனைக்கு அவர்களிடம் பணம் பெறுதல் முறையன்று. குருதி நோய்கள் முதலிய சிலவற்றுக்கான மாற்றீட்டைத் தவிர, ஏனைய குருத்துக் கலச் சிகிச்சை யாவும் அனுமதி பெற்ற சோதனையாகவே நடைபெற வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் விதித்தது. அங்ஙனமிருந்தும், எந்நோயையும் குருத்துக் கலத்தால் தீர்ப்போம் எனக் கூறிப் பணம் பறிப்போர் உளர்.

பிள்ளையை இழக்கும் நிலையிலுள்ள பெற்றோரிடம் பொறுமை பேச நாம் யார் என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. பெற்றோரை நாம் குறைகூறவில்லை. அவர்களுக்கு ஆராயும் அவகாசமில்லை என்பதனாலேயே ஆராயும் பொறுப்பு நம்மைச் சேர்கின்றது. வைத்தியர், வழக்கறிஞர், கணக்காளர் எனப் பலரை ஈன்ற கல்லூரி இது. மடல் வந்ததும் காசோலை எழுதுமுன், இது நிலைபெற்ற சிகிச்சையா, சோதனையா எனக் கேட்போம். சோதனையாயின், 2006இல் நிறுவப்பெற்ற இலங்கைச் சிகிச்சைச் சோதனைப் பதிவேட்டிலோ இந்தியப் பதிவேட்டிலோ உளதா எனப் பார்ப்போம். சோதனைக்கே பணம் கேட்கப்படின், அதனைப் பெற்றோருக்கு அன்புடன், ஆனால் ஒளிக்காது எடுத்துரைப்போம். நிலைபெற்ற சிகிச்சையாயின் தாராளமாகக் கொடுப்போம்.

பணத்தினும் பெரிய கொடையொன்றும் உண்டு. உறவல்லாதார் கலம் பொருந்துவது பெரும்பாலும் ஒரே வமிசவழியினரிடையே. ஆயின் மேனாட்டுக் கொடையாளர் பதிவேடுகளில் தெற்காசியர் மிகக் குறைவு. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் தம் மக்களை அப்பதிவேடுகளிற் சேர்ப்பித்தல் நன்று. பதிவதற்கு வேண்டுவது கன்னத்தின் உட்புறத்தை ஒற்றியெடுத்த பஞ்சு மாத்திரமே.

இறுதியாக, இன்று வகுப்பில் இருக்கும் மாணவ தம்பியருக்கு ஒரு சொல். நாளை உங்கள் திருமணத்துக்குப் பெரியோர் பத்துப் பொருத்தம் பார்ப்பர், பார்க்கட்டும். பதினோராவது பொருத்தமாகக் குருதியையும் சோதிக்கச் சொல்லுங்கள். இருவரும் குறையைச் சுமப்பவராயின் அதனை முன்னரே அறிந்து, வைத்தியரின் ஆலோசனையுடன் நடக்கலாம். ஒரு சிறு சோதனையால் ஒரு தாயின் தாலிக்கொடி அவள் கழுத்திலேயே இருக்குமாயின், நம் கல்லூரி கற்பித்த கல்வி பயன்பட்டது எனக் கொள்வோம்.