சப்வூஃபர் வாங்கப் போறீங்களா? பக்கத்து வீட்டுச் சுவர்ல ஒரு தடவை கை வச்சுப் பாருங்க

1/ வீட்டுல சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கவங்களுக்கான த்ரெட் இது. மானிட்டர் ஸ்பீக்கரோட சேர்த்து சப்வூஃபர் வாங்கலாமா, எட்டு இஞ்சா பத்து இஞ்சான்னு நிறைய பேர் கேட்கறீங்க. பதிலுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி கதை.

2/ பாலக்கரையில எங்க தெருவுல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல சந்து கிடையாது. ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. டூட்டி முடிஞ்சு வந்து ராத்திரி ரெண்டு மணி நேரம் கீபோர்டு, மிக்ஸிங்னு உட்கார்றது என் பழக்கம். போன வருஷம் அஞ்சு இஞ்ச் மானிட்டரோட ஒரு பத்து இஞ்ச் சப்வூஃபரும் வாங்கினேன்.

3/ மூணு வாரம் கழிச்சு பக்கத்து வீட்டு அம்மா வந்தாங்க. அறுபது வயசுக்கு மேல, சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. "தம்பி, ராத்திரி படுத்தா நெஞ்சு திம் திம்னு அடிக்குது. பையன்கிட்ட சொன்னா பயந்துடுவான். நீ ஒரு தடவை பாரேன்"னாங்க. மறுநாள் ஜிஎச்சுக்கு வரச் சொல்லி ஈசிஜி எடுத்தோம். நார்மல். தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் நார்மல்.

4/ "எப்பம்மா வருது?"ன்னு கேட்டேன். "பத்து மணிக்கு மேல வருது. எந்திரிச்சு முன்கட்டுக்குப் போனா நின்னுடுது." அப்பதான் எனக்கு உறைச்சுது. அன்னைக்கு ராத்திரி அதே டிராக்கை ஓட விட்டுட்டு அவங்க வீட்டுக்குப் போய் கட்டிலோட தலைமாட்டுல கை வச்சேன். பாட்டு கேட்கவே இல்ல. துடிப்பு மட்டும் வந்துச்சு, நிமிஷத்துக்கு 96. என் டிராக்கோட டெம்போ 96.

5/ (இதைப் படிச்சுட்டு யாரும் படபடப்பு வந்தா பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்னு விட்டுடாதீங்க. முதல்ல ஈசிஜி. அப்புறம்தான் சுவர்.)

6/ இத்தனைக்கும் நான் சத்தமா வைக்கல. போன்ல இருக்கிற டெசிபல் ஆப் 50ஐத் தாண்டல. தப்பு அங்கதான். அந்த ஆப்கள்ல பெரும்பாலும் வர்ற அளவு 'ஏ-வெயிட்டிங்'. நம்ம காது பேஸை மந்தமாத்தான் கேட்கும்ங்கிறதால, கணக்குலயும் பேஸைக் குறைச்சுடும். 50 ஹெர்ட்ஸ்ல கழியுறது சுமார் 30 டெசிபல். அதாவது 75 டெசிபல்ல 50 ஹெர்ட்ஸ் மட்டும் ஓடினா ஆப் 45னு காட்டும்.

7/ 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல் 55, ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் 45 டெசிபல். அதுவும் ஏ-வெயிட்டிங் கணக்குதான். ஆப் 45க்குக் கீழ காட்டுற நேரத்துலகூட பக்கத்து வீட்டுக் கட்டில் ஆடலாம். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் குரலையும் ஜால்ராவையும் ஓரளவு நிறுத்திடும். பேஸை நிறுத்தாது. தரையில உட்கார்ந்திருக்கிற சப்வூஃபர் தரை வழியாவும் போகும்.

8/ சரி, எனக்கு சப்வூஃபர் வேணும்னு ஏன் தோணுச்சு? "மானிட்டர்ல பேஸே வரல"ங்கிற எண்ணம்தான். அது மானிட்டர் குறையே இல்ல, ரூமோட குறை. நம்ம வீட்டு ரூம் பத்துக்குப் பத்து, உயரமும் கிட்டத்தட்ட பத்து. சரியான பெட்டி. பத்தடி இடைவெளியில எதிரெதிர் சுவர் இருந்தா சுமார் 57 ஹெர்ட்ஸ்ல ஒலி முட்டி முட்டி நிக்கும். நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருந்தா மூணும் அதே இடத்துல சேர்ந்துக்கும்.

9/ அந்த 57 ஹெர்ட்ஸ், ரூம் நடுவுல உட்கார்ந்தா காணாமப் போயிடும். மூலைக்குப் போனா வயிறு அதிரும். நான் நடுவுலதான் மேசை போட்டிருந்தேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கமா ரெண்டடி நகர்த்தினதுமே பாதி பேஸ் திரும்பி வந்துடுச்சு. செலவு பூஜ்யம். இதைப் பண்ணாம நான் பத்து இஞ்ச் பெட்டியைக் கொண்டு வந்து வச்சிருந்தேன்.

10/ ரெண்டாவது காரணம், ராத்திரி மெதுவா வச்சு மிக்ஸ் பண்றது. 1000 ஹெர்ட்ஸ்ல 40 டெசிபல் எவ்வளவு சத்தமா கேட்குதோ, அதே அளவு 50 ஹெர்ட்ஸ்ல கேட்கணும்னா சுமார் 78 டெசிபல் வேணும். காதோட அமைப்பு அப்படி. அதனால மெதுவா வைக்கும்போது பேஸ் பத்தலைன்னு ஏத்திடுவோம். மறுநாள் காருல போட்டா கதவு அதிரும்.

11/ அப்ப யாருக்குத்தான் சப்வூஃபர் வேணும்? யமஹா எச்எஸ்5 மாதிரி அஞ்சு இஞ்ச் மானிட்டர் 54 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். ஆண் குரல் பொதுவா 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகாது. கிட்டாரோட தடிச்ச கம்பி 82. கிறிஸ்தவப் பாட்டு, பக்திப் பாட்டு, கவர் சாங், பாட்காஸ்ட், குறும்பட வசனம்... இதுக்கெல்லாம் சப்வூஃபர் தேவையே இல்லைங்கிறது என் கருத்து.

12/ பேஸ் கிட்டாரோட கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். எலக்ட்ரானிக் கிக், ஹிப்ஹாப் பேஸ் 40-60ல விளையாடும். திருவிழா சவுண்ட் செட்ல ஓடப் போற பாட்டுன்னா கீழ என்ன நடக்குதுன்னு தெரிஞ்சே ஆகணும். இவங்களுக்கு வேணும். ஆனா அதுக்கும் நல்ல ஹெட்போன்ல சரி பார்த்துட்டு, கடைசி மிக்ஸை மட்டும் ஒரு முறையான ஸ்டுடியோவுல ரெண்டு மணி நேரம் எடுத்துக் கேட்கலாம்.

13/ "பெரிய பேஸ் இல்லாம ப்ரோ சவுண்ட் எப்படி வரும்?"னு கேட்பீங்க. 1978ல வந்த யமஹா என்எஸ்-10ல ஆழமான பேஸ் கிடையாது. ஆனா உலகம் முழுக்க பெரிய ஸ்டுடியோக்கள்ல மிக்ஸிங் மேசை மேல வருஷக்கணக்கா அதுதான் நின்னுச்சு. கேட்டுப் பழகின காதுக்குத்தான் மதிப்பு.

14/ கட்டாயம் வேணும்னா:
- பத்துக்குப் பத்து ரூமுக்கு எட்டு இஞ்ச் போதும்.
- 'லோ கட்' இருக்கிற மாடலா பாருங்க. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ சப்வூஃபர், மேல மானிட்டர்னு பிரிச்சுடணும். ரெண்டும் ஒரே பேஸை வாசிச்சா குழம்பிடும்.
- பொதுச் சுவரை ஒட்டியோ மூலையிலயோ வைக்காதீங்க.
- சப்வூஃபரை உங்க நாற்காலியில வச்சு ஒரு பேஸ் டிராக்கை ஓட்டிட்டு, தரையோட தவழ்ந்து கேளுங்க. எங்க சீரா கேட்குதோ அங்க அதை வைங்க. சிரிப்பா இருக்கும், ஆனா வேலை செய்யும்.
- ஆஃப் பண்ணும்போது மட்டும் "ஏதோ குறையுதே"ன்னு தெரியணும். ஆன்ல இருக்கும்போது தனியா தெரிஞ்சா அளவு அதிகம்.

15/ "சுவர்ல ஃபோம் ஒட்டிட்டேன் டாக்டர்"னு சொல்றவங்களுக்கு: 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 7 மீட்டர். ரெண்டு இஞ்ச் ஃபோம், முட்டை அட்டை எதுவும் அதை ஒண்ணும் பண்ணாது. சப்வூஃபருக்கு அடியில ரப்பர் மேட் போட்டா தரை வழியா போறது கொஞ்சம் குறையும். காத்து வழியா போறது அப்படியேதான்.

16/ உங்க காதையும் பாருங்க. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88ல நாலு மணி, 91ல ரெண்டு மணி. பேஸ் நல்லா இருந்தா கை தானா வால்யூமை ஏத்தும். உள்காதுல இருக்கிற நுண்மயிர் செல்கள் போனா திரும்ப முளைக்காது. மிக்ஸ் முடிச்சதும் காதுல கொய்ங்னு கேட்டா அன்னைக்கு அளவு தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்.

17/ வீட்டு ஸ்டுடியோவை நான் குறைச்சுச் சொல்லல. 1989ல கோடம்பாக்கத்துல வீட்டோட சேர்த்து ஆரம்பிச்ச பஞ்சதன் ரெக்கார்ட் இன்ல இருந்துதான் ஏ.ஆர். ரஹ்மான் 1992ல 'ரோஜா'வுக்கு வந்தார். பாலக்கரையிலயும் ஒருத்தர் இப்ப பத்துக்குப் பத்து ரூம்ல உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு நான் கேட்கறது ஒண்ணுதான். 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓட விட்டுட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சுவர்ல கை வைங்க. அந்தப் பக்கம் யார் தலை வச்சுப் படுக்கறாங்கன்னு கேளுங்க.

18/ அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "அப்ப என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கா?"ன்னாங்க. நல்லா இருக்கும்மான்னேன். "மூணு வாரமா பையனுக்கு எதை எழுதி வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டுக் கிடந்தேன்டா"ன்னாங்க. மறுநாளே பத்து இஞ்ச்சை வித்துட்டேன்.